மலைப்பாதைக்கு ஏற்ற வானொலி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பனிமூட்டம் கலைந்து, எதிர்ச்சரிவின் தேயிலைச் செடிகள் மீது இளவெயில் மெல்லப் படரத் தொடங்கிய வேளை. எமது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் எமக்கு நன்கு அறிமுகமான இளைஞர். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த தாயின் உழைப்பினால் வளர்ந்தவர். சீட்டுப் பணமும் கடனுமாகச் சேர்த்துப் பழைய ஜப்பானிய வேன் ஒன்றை வாங்கி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கிப் பிழைப்பவர்.

"ஐயா, வண்டிக்குப் புதுசா செட் போட்டிருக்கேன். வந்து பாருங்க" என்றார்.

சென்று பார்த்தோம். பத்து அங்குலத் திரை ஒன்று ஓட்டுநரின் முன்னே பளபளவென்று மின்னிக் கொண்டிருந்தது. விரல் பட்டால் வண்ணம் மாறுகிறது, படம் ஓடுகிறது, பாட்டு அதிர்கிறது.

"கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. காதுக்கு எப்படி?" என்று வினவினோம்.

அவர் முகம் சற்று வாடியது. "அதைக் கேட்கத்தான் வந்தேன் ஐயா. பாட்டுப் போட்டா பாடுது. ரேடியோ மட்டும் எடுக்குதில்ல. டவுனைத் தாண்டினா ஒரே இரைச்சல்தான்."

பின்னர் அவர் கூறியதே எம்மை இந்த வாரம் பேனாவை எடுக்கச் செய்தது. ஆனி மாதத்து அடைமழை நாளொன்றில், பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், பாதையின் குறுக்கே மண் சரிந்து கிடந்ததாம். முன்னே சேறு, பின்னே மூடுபனி. கைத்தொலைபேசியில் அலை இல்லை. வானொலியைத் திருகினால் சோவென்ற ஓசையன்றி வேறில்லை. முக்கால் மணி நேரம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த பின்பு, எதிர்ப்புறமிருந்து நடந்து வந்த லொறிச் சாரதி ஒருவர், எந்தத் தோட்டத்துப் பாதை திறந்திருக்கிறது என்று கூறினாராம். "பாதை மூடின விஷயத்தை ரேடியோவில மத்தியானமே சொல்லிட்டாங்களாம் ஐயா" என்று அவர் முடித்தபோது, அத்திரையின் பளபளப்பு எம் கண்ணுக்கு மங்கித் தோன்றியது.

அன்பர்களே, இக்குறை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025-ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டியையே புதுப்பித்து ஓட்டியவர்கள் பலர். வண்டியை மாற்ற இயலாதவர் அதிலுள்ள செட்டையாவது மாற்றிப் பார்ப்பது இயல்பன்றோ? ஆதலால் நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பாதைகளில் வண்டி ஓட்டுவோர் எத்தகைய செட்டைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம். பௌதிகம் பயிலும் மாணவருக்கும் இதில் கற்க வேண்டியது உண்டு.

ஜப்பானிய வண்டியின் காது

மோட்டார் வண்டியில் வானொலி ஏறி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகிறது. 1930-இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள், மோட்டாரையே பெயரில் தாங்கிய 'மோட்டோரோலா' வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். எமது கொழும்பு வானொலி அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1925-இல், பேசத் தொடங்கிவிட்டது. அது 1949-இல் 'ரேடியோ சிலோன்' என்று பெயர் பெற்றது, 1967-இல் கூட்டுத்தாபனமாயிற்று. தேநீர்க் கடை வாசலிலும் ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலும் கூடி நின்று அதனைக் கேட்ட தலைமுறையினர் நம்மிடையே இன்றும் உளர். பின்னர் ஒலிநாடா, குறுந்தட்டு, யூ. எஸ். பி., புளூடூத் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் வந்தவை யாவும் பாட்டைத்தான் கொணர்ந்தன. செய்தியைக் கொணர்வது இன்றும் வானொலியே.

நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் கார்களிலும் வேன்களிலும் ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தவை ஏராளம். அவற்றோடு கூடவே வரும் செட்டில் ஒரு பெரும் சிக்கல் உண்டு. இலங்கையில் எப். எம். ஒலிபரப்புகள் 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள எல்லையில் நிகழ்கின்றன. ஜப்பானிலோ நெடுங்காலமாக அவ்வெல்லை 76 முதல் 90 வரையே. 2014-இன் பின்னர்தான் அங்கு 95 வரை அது விரிக்கப்பட்டது. எனவே, ஜப்பானிய செட் நம் நாட்டு நிலையங்களில் பெரும்பாலானவற்றைக் கேட்கவே இயலாத செவிடாக இருக்கிறது. அது பழுதன்று, அதற்கு விதித்த எல்லை அவ்வளவே.

இதற்குப் பரிகாரமாக ஏரியலுக்கும் செட்டுக்கும் இடையே சிறு பெட்டி ஒன்றைப் பொருத்துவர். 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்பது அதன் பெயர். அது வரும் அலையின் அதிர்வெண்ணிலிருந்து குறிப்பிட்ட அளவைக் கழித்துக் கொடுக்கிறது. 14 கழிக்கும் பெட்டியாயின், 98 இல் உள்ள நிலையம் 84 இல் ஒலிக்கும். விலை மலிவு, வேலை சுலபம். ஆயினும் குறை இரண்டு. 76 முதல் 90 வரையுள்ள எல்லையின் அகலம் 14 மட்டுமே. நமது எல்லையின் அகலமோ 20.5. ஆகவே 90 முதல் 104 வரை கேட்கலாம். 104-க்கு மேற்பட்டவை அகப்படா. இரண்டாவதாக, பெட்டி தன் பங்குக்குச் சிறிது இரைச்சலையும் சேர்க்கும். அலை வலுவாக உள்ள பட்டணத்தில் அது தெரியாது. மலைமடிப்பில், அலை ஏற்கெனவே மெலிந்து வரும் இடத்தில், அவ்விரைச்சலே நிலையத்தை விழுங்கிவிடும்.

மேலும், இத்தகைய செட்டுகள் பலவற்றிலுள்ள வழிகாட்டிப் படம் ஜப்பான் தேசத்துப் படமாகும். டோக்கியோவின் தெருக்களை அறிந்த கருவிக்கு நானுஓயாவின் வளைவுகள் எங்ஙனம் தெரியும்? பற்றரியைக் கழற்றி மாட்டியவுடன் களவுக்காப்பு விழித்துக்கொண்டு, இரகசிய எண்ணைக் கேட்டுப் பூட்டிக்கொள்வதும் உண்டு. எழுத்துகளும் ஜப்பானிய மொழியில். எனவே, நாள்தோறும் மலையில் ஓடும் வண்டிக்கு, 87.5 முதல் 108 வரை நேரே கேட்கும் புதிய செட்டை வைப்பதே உத்தமம்.

புதியதை வாங்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். அதன் அமைப்புகளில் 'பிரதேசம்' என்று ஒன்று இருக்கும். அமெரிக்கா என்று வைத்தால், எப். எம். அலைவரிசையை 0.2 மெகாஹேர்ட்ஸ் கணக்கில் தாண்டித் தாண்டிச் செல்லும். மத்திய அலையையும் 9-க்குப் பதிலாக 10 கிலோஹேர்ட்ஸ் கணக்கில் எண்ணும். நடுவே நிற்கும் நமது நிலையங்கள் தவறிப்போகும். ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் அவை தாமே அகப்படும்.

மலையும் அலையும்

மாணவர்களே, அலைநீளம் காணும் கணக்கு உங்களுக்குத் தெரியும். 300-ஐ மெகாஹேர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் மீற்றரில் விடை வரும். 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர். 1 மெகாஹேர்ட்ஸ் ஆகிய மத்திய அலையின் நீளமோ 300 மீற்றர். நீண்ட அலை குன்றைச் சுற்றி வளைந்து நிலத்தோடு ஒட்டி நெடுந்தூரம் செல்லும். இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிக் கடலையும் தாண்டும். முன்னாளில் திருச்சி வானொலியை நம் லயங்களில் இரவில் கேட்க முடிந்ததன் இரகசியம் இதுவே. குறுகிய எப். எம். அலை அவ்வாறு வளையாது. கோபுரத்தைக் கண் காணும் இடத்தில் கணீரென்று ஒலிக்கும். மலை மறைத்தால் நிழல் விழும். பீதுருதாலகாலை மலை 2,524 மீற்றர் உயரம். அதன் உச்சியில் 1982 முதல் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்பதும், உயரத்திலிருந்து பார்த்தால்தான் பள்ளத்தாக்குகள் தெரியும் என்ற காரணத்தினாலேயே.

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை, வட்டவளை வழியாக அட்டனுக்கு ஏறும் பாதையை எண்ணிப் பாருங்கள். ஒரு வளைவில் பாட்டு. அடுத்த வளைவில் இரைச்சல். அதற்கடுத்ததில் இரண்டு நிலையங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பேசும். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியே நுவரெலியாவுக்கு ஏறுவோரும் இதையே காண்பர். இங்கே ஒரு செட்டின் தகுதி வெளிப்படுவது திரையிலன்று. அதன் உள்ளேயுள்ள 'டியூனர்' என்னும் உறுப்பிலே. மெலிந்த அலையையும் பிடிக்கும் திறனை 'சென்சிட்டிவிட்டி' என்று குறிப்புத்தாளில் அச்சிட்டிருப்பர். அவ்வெண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நன்று. அவ்வெண்ணையே அச்சிடாது, நிறங்களையும் விளையாட்டுகளையும் மட்டும் புகழும் பெட்டியைச் சற்றுச் சந்தேகத்தோடு நோக்குக.

ஏரியலும் முக்கியம். 3 மீற்றர் அலைக்கு அதன் கால்பங்காகிய 75 சென்ரிமீற்றர்க் கம்பி மிகப் பொருத்தம். அழகுக்காக அதனை விரலளவாகக் குறுக்கினாலும், கண்ணாடியில் பதித்தாலும், குறையை ஈடுசெய்யச் சிறு மின்பெருக்கி ஒன்று தேவைப்படும். அப்பெருக்கிக்கு மின்சாரம் தருவது செட்டின் பின்னாலுள்ள நீல நிறக் கம்பி. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

வேறு இரண்டு உபாயங்கள் செலவில்லாதவை. பல நிலையங்கள் வெவ்வேறு கோபுரங்களிலிருந்து வெவ்வேறு அதிர்வெண்களில் ஒலிபரப்புகின்றன. உங்கள் பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் எது தெளிவோ அதனைத் தனித்தனிப் பொத்தானில் பதிந்து வையுங்கள். 'லோக்கல்' என்ற அமைப்பு இயங்கினால், மெலிந்த நிலையங்களைச் செட் தேடாமலே தாண்டிவிடும். மலையில் அதனை நிறுத்தி வையுங்கள்.

வாட் கணக்கும் அளவும்

கடைக்காரர் முதலில் சொல்வது "ஐம்பது வாட், நான்கு வழி" என்பதாகும். அக்கணக்கைச் சோதிப்போம். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். ஒலிபெருக்கியின் தடை 4 ஓம். 14.4-ஐ அதனாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் 52 வாட் வருகிறது. ஆனால் அது ஒலி முற்றிலும் சிதைந்து சதுர அலையாகும்போது கிடைப்பது, இசையன்று, இரைச்சல். சிதையாத ஒலிக்கு அதன் பாதியாகிய 26 வாட்டே எல்லை. நடைமுறையில் நல்ல செட்டுகள் ஒரு வழிக்கு 18 முதல் 22 வாட் வரை தரும். 'ஆர். எம். எஸ்.' என்று குறித்திருக்கும் எண்ணே மெய்யான எண். வேனுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அதுவே மிகுதி. வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்ன் ஓட்டுநர் காதில் விழவேண்டும் என்பதை மறக்கலாகாது.

அடுத்தது அளவு. உலகப் பொதுவான 'டின்' அளவின்படி, சிறிய செட் 180 மில்லிமீற்றர் அகலமும் 50 உயரமும் கொண்டது. பெரியது 180-க்கு 100. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அகலம் மட்டும் 200. 180 அகலச் செட்டை அங்கே வைத்தால் இருபுறமும் இடைவெளி தோன்றும். அதற்கென விற்கும் ஓரச் சட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கப் போகுமுன் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொண்டு போவது நலம்.

ஒன்பது, பத்து அங்குலத் திரைகளைப் பற்றி ஒரு சொல். அவை சில வண்டிகளில் காற்றுத் துவாரங்களையும் அபாய விளக்குப் பொத்தானையும் மறைத்துவிடுகின்றன. சமவெளியில் இது சிறு குறை. பனி இறங்கும் மலைப்பாதையிலோ, கண்ணாடியின் ஈரத்தைப் போக்கும் காற்றும், பின்வருவோருக்கு எச்சரிக்கை செய்யும் விளக்கும் உயிர்காப்பவை. அவற்றை மறைக்கும் திரை எவ்வளவு அழகாயினும் வேண்டாம். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கைக்கு அகப்படுவது குமிழே. திரையிலுள்ள பொத்தானைக் கண்ணால் தேட வேண்டும்.

திரைச் செட்டுகளில் கைத்தொலைபேசியை இணைத்துப் படம் பார்த்து வழி அறியும் வசதி நல்லதே. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் ஆப்பிள், கூகிள் நிறுவனங்கள் இதனைப் பரவலாக்கின. ஆயினும் இணையத்து வானொலியும் வரைபடமும் அலை உள்ள இடத்தில்தான் உதவும். வரைபடத்தை முன்கூட்டியே தொலைபேசியில் இறக்கி வைப்பது விவேகம்.

கம்பிகளும் பற்றரியும்

பொருத்தும் வேலையே பாதி வெற்றி. பொதுவாக மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் பெறுவது. சிவப்பு, சாவியைத் திருப்பும்போது மட்டும் பெறுவது. கறுப்பு, வண்டியின் உடலோடு சேர்வது. வண்டியின் கம்பிகளை வெட்டிச் சுற்றி ஒட்டுநாடா போடுவோரிடம் வேலையைக் கொடாதீர்கள். அந்தந்த வண்டிக்கேற்ற இணைப்பி கடைகளில் கிடைக்கிறது, வெட்டாமல் மாட்டலாம். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் செட் உறங்கவே மாட்டாது. உறங்கும் செட்டே கூட 100 மில்லி அம்பியர் இழுக்கிறதென்று கொள்வோம். ஒரு நாளைக்கு 2.4 அம்பியர் மணி. பத்து நாளில் 24. சிறிய பற்றரிக்கு அதுவே முடிவு. ஹைபிரிட் வண்டி உடையோர் இன்னும் கவனமாயிருத்தல் வேண்டும். 'ரெடி' விளக்கு எரியாத நிலையில் பாட்டுக் கேட்டால், அதன் சிறு 12 வோல்ட் பற்றரி மின்னேற்றம் பெறாமல் வற்றிக்கொண்டேயிருக்கும்.

கைபிரேக்கோடு இணைக்க வேண்டிய கம்பி ஒன்றும் உண்டு. வண்டி நிற்கும்போது மட்டும் படம் ஓடும்படி செய்வது அது. அதனைப் பொய்யாக இணைத்து, ஓடும்போதே படம் பார்க்க வழிசெய்து தருவோர் உளர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் உள்ள பாதையில் அவ்வுதவியைக் கேட்கவும் வேண்டாம். கொடுத்தால் கொள்ளவும் வேண்டாம்.

நீலக் கம்பி

எமது இளைஞரின் கதைக்கு வருவோம். அவருடைய வேனில் ஏரியல் கூரையில் இல்லை, கண்ணாடியில் பதிந்திருந்தது. அதைக் கண்டதும் எமக்கு ஓர் ஐயம் தோன்றியது. அயலிலிருந்த வயரிங் பாஸ் ஒருவரை அழைத்துச் செட்டை வெளியே இழுத்துப் பார்த்தோம். நாம் எண்ணியவாறே, நீலக் கம்பி எதனோடும் சேராமல் வெறுமனே தொங்கிக் கொண்டிருந்தது. செட்டைப் பொருத்தியவர் பாட்டு ஒலிப்பதைக் கண்டவுடன் வேலை முடிந்ததென்று எண்ணிவிட்டார். பாஸ் அதனை ஏரியல் பெருக்கியோடு இணைத்து, பிரதேசத்தையும் ஆசியா என்று மாற்றினார். அரைமணி நேர வேலை. செட்டைத் திருகியதும் தமிழில் செய்தி கேட்டது.

"இதுக்காகவா ஐயா முக்கால் மணி நேரம் மழையில நின்னேன்?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனெனில், 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியை நாம் எவரும் மறந்துவிடவில்லை. 'டித்வா' புயலின் மழையில் மலையகத்தின் சரிவுகள் இடிந்து வீழ்ந்தன. பாதைகள் அறுந்தன, பல இடங்களில் மின்சாரமும் கைத்தொலைபேசியும் ஒருங்கே அற்றுப்போயின. அத்தகைய வேளையில், வண்டியின் பற்றரியில் இயங்கும் வானொலியே வெளியுலகத்தின் குரல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளாக அறிவிக்கிறது. சிவப்பு என்றால், இருக்கும் இடத்தை விட்டு நீங்குக என்பது பொருள். அவ்வறிவிப்பு சரிவின் அடியில் லயத்தில் வாழும் குடும்பத்தின் செவிக்கு, அது அறிந்த மொழியில், நேரத்தோடு எட்ட வேண்டும். எட்டாத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா?

ஆகவே, செட் வாங்கப் போகும் அன்பர்களுக்கு எமது யோசனை எளியது. கடையில் பாட்டைப் போட்டுக் காட்டும்போது மயங்கிவிடாதீர்கள். "முதலில் ரேடியோவைப் போடுங்கள்" என்று கேளுங்கள். பொருத்தியபின் பணம் முழுவதையும் கொடுக்குமுன், பட்டணத்தை விட்டு ஓரிரு மைல் ஓட்டி, இரண்டு வளைவுகளுக்கு அப்பால் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். அங்கே பேசும் செட்டே மலைநாட்டுக்கு ஏற்ற செட். அதன் திரை சிறிதாயினும் குறையில்லை.

அன்று மாலை அவ்விளைஞர் விடைபெறும்போது மீண்டும் தூறல் தொடங்கியிருந்தது. வேன் வளைவில் திரும்பி மறைந்தது. அதன் விளக்கொளி மறைந்த பின்னரும், வானொலியில் எவரோ வானிலை அறிக்கை வாசிக்கும் குரல் சிறிது நேரம் எமக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.